பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டால்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துத் தாய் தகப்பன்மார் எங்களிடம் கொண்டுவரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம். பிள்ளையைச் சேர்க்க மறுத்தார்கள், காசு கேட்டார்கள், பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, பரீட்சைக்கு விடமாட்டோம் என்கிறார்கள், எல்லாம் இதற்குள் வரும். நாங்கள் கடிதமும் மனுவும் எழுத உதவுகிறவர்கள். உங்கள் வழக்கின் நுணுக்கத்தை ஒரு சட்டத்தரணிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் போகுமுன் நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைச் செய்யாமல் நாள் கடந்துபோய், நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறோம்.

கல்வி எங்கள் பிள்ளையின் சட்ட உரிமையா, அரசாங்கம் தரும் சலுகையா?

உரிமைதான். ஆனால் அது சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது கொஞ்சம் சிக்கல். 1978 அரசியலமைப்பின் 3ஆம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. அதில் கல்விக்கென்று தனி உறுப்புரை கிடையாது. 27(2)ஆம் உறுப்புரையில்தான், எழுத்தறிவின்மையை ஒழிப்பதும் எல்லா மட்டத்திலும் எல்லோருக்கும் கல்வியில் சமமான வாய்ப்பை உறுதிசெய்வதும் அரசின் குறிக்கோள் என்று வருகிறது. சரி, அதைக் காட்டி வழக்குப் போடலாமா என்றால், அந்தக் கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது.

அதனால் இந்த நாட்டில் கல்வி வழக்குகள் பெரும்பாலும் 12ஆம் உறுப்புரை வழியாகவே போகின்றன. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது 12(1). இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் போன்றவற்றை வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்பது 12(2). 2007இல் முதலாம் வகுப்பு அனுமதிக்கான அமைச்சின் சுற்றுநிருபமே இந்த உறுப்புரைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வதந்தி பரவி, பள்ளிக்கூடங்கள் கதவடைத்த விடயமும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் உட்பட எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகுபாடில்லாமல் கல்வி கிடைக்க வேண்டும் என்பது அங்கே உறுதியானது.

இதோடு 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் முதலில் 5 முதல் 14 வயது வரையும், 2016இலிருந்து 16 வயது வரையும் பள்ளிக்கூடம் போவதைக் கட்டாயமாக்கின. பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று உங்கள் மேல் கடமை சுமத்தும் அரசு, போக ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. கன்னங்கரா காலத்தில் 1945இல் வந்த இலவசக் கல்வி உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வந்தது.

ஆகவே மனுவில் “என் பிள்ளைக்கு இடம் தாருங்கள்” என்று கெஞ்சத் தேவையில்லை. “இன்ன பிள்ளைக்குக் கொடுத்ததை, அதே தகுதியுள்ள என் பிள்ளைக்கு எந்தக் காரணத்தால் மறுத்தீர்கள்” என்று கேளுங்கள். வழக்கு நிற்பது அந்தக் கேள்வியில்தான்.

சேர்க்க முடியாது என்று அதிபர் சொல்லிவிட்டார். முதலில் என்ன செய்வது?

அவர் அதை எழுத்தில் சொன்னாரா என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் மறுப்புகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே முடிகின்றன. “இடமில்லை அம்மா”, “அடுத்த கிழமை வாங்கோ”, “வலயத்தில கேட்டுப் பாருங்கோ” என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். வலயத்துக்குப் போனால் “அதிபரிட்டக் கேளுங்கோ” என்பார்கள். இப்படி அலைந்தே ஒரு தவணை போய்விடும். பிறகு நீதிமன்றத்தில், “நாங்கள் மறுக்கவேயில்லை, அவர்கள் விண்ணப்பிக்கவில்லை” என்ற பதில் வரும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை.

அதனால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். நீளம் வேண்டாம், சட்டமொழியும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“இன்ன திகதியில் என் மகளை இன்ன வகுப்பில் சேர்க்கத் தங்களிடம் வந்தேன். இன்ன காரணம் கூறி மறுத்தீர்கள். நாங்கள் இன்ன கிராம அலுவலர் பிரிவில் வசிக்கிறோம். பிள்ளையின் வயது இவ்வளவு. மறுப்பதற்கான காரணத்தையும் அதற்கு அடிப்படையான சுற்றுநிருபத்தையும் 7 நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அதிபரிடம் கொடுத்து, மற்றதில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதி போகட்டும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு எழுத்தில் காரணம் தர மனமில்லாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடங்களும் உண்டு. வழக்கே தேவைப்படாமல் முடிவதுதான் எங்களுக்கும் விருப்பம்.

கடிதத்தை வாங்கவே மாட்டோம் என்றால்?

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். அது போதும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிள்ளையைச் சேர்க்கலாமா?

வன்னியில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2008, 2009 இடப்பெயர்வில் பதுங்குகுழிகளுக்குப் பக்கத்திலும், பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பதிவு நேரத்துக்கு நடக்கவில்லை. பதிவு இருந்தவர்களும் ஊரை விட்டு ஓடும்போது பத்திரங்களைத் தொலைத்தார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களில் சிலர் இப்போது தாய் தகப்பன்மார். தங்களுடைய பத்திரமே சரியாக இல்லாததால் தங்கள் பிள்ளையின் பதிவையும் தள்ளிப்போட்டுவிட்டு முதலாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒரு தலைமுறையின் இழப்பு அடுத்த தலைமுறையின் வகுப்பறைக்குள் போவதை இதில்தான் கண்கூடாகப் பார்க்கிறோம்.

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி பார்ப்பது பிள்ளையின் வயதைத்தான். சான்றிதழ் அந்த வயதைக் காட்டும் ஒரு ஆதாரம் மட்டுமே. ஆகவே சான்றிதழ் கையில் வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரி அட்டை, தடுப்பூசிப் பதிவு, குடும்ப அட்டை, ஞானஸ்நானப் பதிவு, முன்பள்ளிக் கடிதம் எது இருந்தாலும் எடுங்கள். வயதைச் சொல்லும் சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன் முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து, சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று எழுதுங்கள். பிள்ளை வகுப்பில் இருக்கட்டும், கடதாசி பின்னால் வரட்டும்.

விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில். பதிவு இருந்து பிரதி மட்டும் தொலைந்திருந்தால் அங்கேயே தேடி எடுக்கலாம். பதிவே நடக்கவில்லை என்றால் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். பிறந்த இடமும் திகதியும் நிரூபிக்க முடியாத நிலை வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. இதை முதலாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கும்போது அதே சிக்கல் திரும்ப வரும், அப்போது நாளும் இருக்காது.

பிள்ளையின் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர். படிவத்தில் அவருடைய கையொப்பமோ மரணச் சான்றிதழோ கேட்கிறார்கள்.

மரணச் சான்றிதழ் எடுக்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மரணப் பதிவு பற்றிய 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பிறகு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று தனியாக ஒன்று பெறலாம். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் பத்திரம் அல்ல அது. அதுவும் எடுக்க விருப்பமில்லையா, தாய் நீங்கள் இருக்கிறீர்கள். தாயின் கையொப்பத்தோடு பிள்ளையைச் சேர்க்க மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. அப்படி மறுத்தால் மேலே சொன்ன கடிதத்தில் அந்தக் காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அலுவலகக் கதிரையில் இருக்கிறவர் ஒரு படிவத்துக்காக உங்களிடம் இதைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று எங்களுக்குத் தெரியும். கடிதத்தில் கோபத்தைக் காட்டாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள், வாசிக்கிறவருக்கு அது விளங்கும்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்திருக்கிறோம். பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள்.

இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவது பள்ளிக்கூடம். அங்கே படித்த வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோய் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று எழுத்தில் கேளுங்கள். பாடத்திட்டம் வேறு என்பதற்காக மூன்று வகுப்புக் கீழே இறக்க விடவேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் போட்டு மேலதிக உதவி கொடுக்கும்படி கேளுங்கள்.

இரண்டாவது குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காலத்தை நீடிக்கவும் சட்டம் இடம் தருகிறது. யுத்தமும் அகதி வாழ்வும் தகுந்த காரணமில்லாமல் வேறென்ன? குடியுரிமைக் கடதாசி முடியவில்லை என்பது வகுப்பில் உட்கார விடாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

நாங்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காணி உறுதி இல்லை, வதிவிடம் நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்றைக்கும் உறுதி கேட்பது வேதனையான விடயம். குடியுரிமையைப் பொறுத்தவரை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினரின் பிரச்சினைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டிவிட்டது. வதிவிடத்துக்கு உறுதி ஒன்றே ஆதாரம் என்று நினைக்காதீர்கள். வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலரின் சான்று, மின்சாரப் பட்டியல், காணி அனுமதிப்பத்திரம், சமுர்த்தி அல்லது அஸ்வெசும பதிவு எல்லாம் எடுத்து வையுங்கள்.

சாதியையோ வம்சாவளியையோ மனதில் வைத்துப் பிள்ளையைப் பின்வாங்கில் போடுவதும், “உங்கட ஆக்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இருக்குத்தானே” என்று அனுப்புவதும் எங்கள் சமூகத்துக்குள்ளேயே நடக்கிறது. அதை மூடிமறைத்துவிட்டு அரசாங்கத்திடம் மட்டும் சமத்துவம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. 12(2)ஆம் உறுப்புரையில் சாதி என்ற சொல் தெளிவாக இருக்கிறது. அரசாங்கப் பள்ளிக்கூடத்து அதிபர் தமிழராக இருந்தாலும் அவர் அரசின் கைதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பிவரும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், வவுனியாவிலுள்ள சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம், இதே உரிமை.

ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாமே, உண்மையா?

உண்மை. இதைத் தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஜனவரியில் மறுத்த விடயத்துக்கு ஏப்ரலில் சட்டத்தரணியிடம் போனால் அவர் என்ன செய்வார்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை ஒரு மாதக் கணக்கில் சேர்ப்பதில்லை என்கிறது. வவுனியாவில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் அழைக்கலாம். செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

ஆனால் கவனம். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டும்படி உச்ச நீதிமன்றம் பின்னால் வந்த தீர்ப்புகளில் கேட்டிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு அனுப்பும் கடிதங்கள், விசாரணைத் திகதிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள். ஆணைக்குழுவின் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும். இருந்தாலும் ஆணைக்குழுவிலிருந்து அழைப்பு வந்ததும் சமரசத்துக்கு வருகிற அலுவலகங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

அடிப்படை உரிமை மனுவுக்கு ஆம், உச்ச நீதிமன்றம் கொழும்பில்தான். ஆனால் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மாகாணத்தின் கீழ் வந்துவிட்டன. மாகாணப் பட்டியலுக்குள் வரும் விடயங்களில், செய்ய வேண்டிய கடமையைச் செய் என்றோ, எடுத்த முடிவை இரத்துச் செய் என்றோ ஆணையிட மாகாண மேல் நீதிமன்றத்துக்கு 154P உறுப்புரை அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆகவே மாகாணப் பள்ளிக்கூடம் என்றால் வவுனியாவிலேயே இப்படியான ஆணை கேட்கும் எழுத்தாணை மனு போடலாமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். தேசிய பாடசாலை என்றால் அது மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருப்பதால் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். எனவே பிள்ளையின் பள்ளிக்கூடம் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சேர்க்கும்போது “அபிவிருத்திச் சங்கத்துக்கு” என்று காசு கேட்கிறார்கள்.

விரும்பிக் கொடுக்கும் நன்கொடை வேறு, கொடுத்தால்தான் இடம் என்பது வேறு. இரண்டாவது இலஞ்சம். பற்றுச்சீட்டு கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பெரிய சாட்சி. 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கொடுத்துவிட்டு முறையிடுவதைவிட, கேட்டவுடன், கொடுக்குமுன் முறையிடுவதுதான் பலன் தரும். தளபாடம், வர்ணம் பூச்சு, காவலாளி சம்பளம் என்று பெயர் எதுவானாலும், கட்ட முடியாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதோ, தவணை அறிக்கையைப் பிடித்து வைப்பதோ கூடாது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. இதற்கும் சட்டம் இருக்கிறதா?

எங்களைக் கேட்டால் வன்னியின் உண்மையான சமத்துவப் பிரச்சினை இதுதான். வாசல் திறந்திருக்கிறது, வகுப்பும் இருக்கிறது, கரும்பலகைக்கு முன்னால் ஆள் இல்லை. துணுக்காய், வவுனியா வடக்கு, மடு போன்ற வலயங்களில் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு நியமனம் பெறும் ஆசிரியர் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் மாற்றம் எடுத்துப் போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் பதிலுக்கு ஆள் வருவதில்லை. இன்னொன்றும் நடக்கிறது: பெயர் இந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில் இருக்கும், ஆள் “தற்காலிக இணைப்பு” என்று நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார். கணக்கில் பற்றாக்குறை தெரியாது.

இதை வெளியே கொண்டுவரக் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இடாப்பில் எத்தனை பேர், அவர்களில் வேறு இடத்துக்கு இணைக்கப்பட்டவர்கள் எத்தனை, எந்தத் திகதியிலிருந்து, யாருடைய உத்தரவில்? அதே கேள்வியை வலயத்தின் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

இரண்டு பள்ளிக்கூடங்களின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் பேச்சே மாறிவிடும். அதுவரை “பற்றாக்குறை எல்லா இடத்திலும்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தத் தாளைப் பார்த்துப் பேச வேண்டிவரும். சமமாக நடத்தப்படவில்லை என்ற மனுவுக்கும் அதுதான் ஆதாரம். ஒரு பெற்றோர் தனியே கேட்பதைவிடப் பத்துப் பெற்றோர் சேர்ந்து கையொப்பம் போட்டுக் கேட்பது நல்லது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் குறைவென்று மூடிவிட்டார்கள். அடுத்தது தூரம், வழியில் யானை.

மூடும் முடிவை எழுத்தில் கேளுங்கள். மூடுமுன் பெற்றோரைக் கேட்டார்களா, பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று பார்த்தார்களா என்பதைத் தகவலறியும் சட்டத்தில் கேட்கலாம். போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்யாமல் மூடியது நியாயமற்ற முடிவு என்று எழுத்தாணை மனுவில் வாதிட இடம் உண்டு. இதற்கிடையில் “சிசு செரிய” பஸ் சேவையை உங்கள் வழியில் ஓடச்சொல்லி இலங்கைப் போக்குவரத்துச் சபைச் சாலைக்கும் பிரதேச செயலாளருக்கும் கூட்டாக மனுக்கொடுங்கள். வீதி, நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, யானை வந்த திகதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். இந்தத் தூரத்தால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண்பிள்ளைகள்தான். அதையும் எழுதுங்கள்.

பிள்ளைக்கு நடக்க ஏலாது. “எங்களிட்ட வசதி இல்லை” என்கிறார்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வரக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்களுக்கு அதை வலியுறுத்தி உத்தரவிட்டது. ஒரு சரிவுப்பாதை போடுவதற்கும், வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றுவதற்கும் பெரிய நிதி தேவையில்லை. எறிகணைச் சிதறலைச் சுமந்துகொண்டு எத்தனையோ பேர் வாழும் மண்ணில் இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவே கூடாது. பார்வை, கேட்டல், எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பரீட்சையில் மேலதிக நேரமோ எழுத உதவியாளரோ கிடைக்கும். மருத்துவ அறிக்கையோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பெறுபேறு குறைந்துவிடும் என்று சாதாரண தரத்துக்கு முன் பிள்ளையை விலகச் சொல்கிறார்கள்.

விலகல் கடிதத்தில் கையொப்பம் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தின் சித்தி வீதத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையைப் பரீட்சையிலிருந்து வெளியே தள்ளும் அதிகாரம் யாருக்கும் இல்லை. 16 வயதுக்குக் கீழே என்றால் கட்டாயக் கல்வி விதிக்கே முரண். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிவிட்டால் கடிதப் போக்குவரத்தில் நாளைக் கழிக்காமல் வலயக் கல்விப் பணிப்பாளரை நேரே பாருங்கள், அன்றே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள். விடுகைப் பத்திரத்தைப் பிடித்து வைத்திருந்தாலும் இதே வழிதான்.

பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மாவட்டங்களுக்கு என்ன ஏற்பாடு?

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் உள்ளன. பிரதேச அடிப்படையில் தெரிவு செய்வது சமத்துவத்துக்கு முரணல்ல என்று 1980இலேயே செனவிரத்ன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெளி மாவட்டப் பிள்ளைகள் பெயரளவில் வன்னியில் பதிந்து அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள் என்ற முறைப்பாடு உண்டு. உங்களிடம் ஆதாரம் இருந்தால் பெறுபேறு வருமுன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

முறையிட்டால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?

பயம் நியாயமானது, நடக்காது என்று சொல்ல எங்களால் முடியாது. அதனால்தான் கூட்டாக முறையிடச் சொல்கிறோம். முறைப்பாட்டுக் கடிதத்திலேயே “இதன் காரணமாகப் பிள்ளைக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதன்பிறகு வகுப்பில் ஏச்சு, தனிமைப்படுத்தல், அடி ஏதும் நடந்தால் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லிவையுங்கள். பிள்ளையிடமும் பேசுங்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களை அதிகம் வாட்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை. யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை இலவசமாகத் தரும். நீதிமன்றத்துக்குப் போய் அதன் கிளை எங்கே என்று விசாரியுங்கள். வழி எதுவுமே இல்லாதவர் எழுதும் முறைப்பாட்டுக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ள 1990ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளும் இடம் வைத்திருக்கின்றன.

போகும்போது பிள்ளையின் வயதுக்கான ஆதாரம், வதிவிட ஆதாரம், நீங்கள் எழுதிய கடிதப் பிரதிகள், தபால் பற்றுச்சீட்டுகள், ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், மறுத்த திகதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். மறுத்த திகதி தெரிந்தால் போதும், முதல் நாளே போங்கள். மற்றதை அவர்கள் கேட்கக் கேட்கக் கொடுக்கலாம்.